கப்பலுக்குப் பிறகு

1915 ஏப்ரல். சென்னை பெரம்பூரில் குடியிருக்கும் 42 வயதுக்காரர் ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறேன். குறுக்கே பேச எனக்கு உரிமையில்லை. பார்க்க மட்டும்தான் வந்தேன்.

கடிதம் காந்திக்கு. அந்த ஜனவரியில்தான் அவர் தென்னாப்பிரிக்காவை விட்டு நாடு திரும்பியிருந்தார். சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். பார்க்க வருவோர் ஏராளம். வந்தால் காலை ஆறு மணிக்குச் சில நிமிஷங்கள் ஒதுக்கலாம் என்று பெரம்பூருக்கு எழுதியிருந்தார். பெரம்பூரிலிருந்து போக இவருக்கு டிராம் ஒன்றுதான் வழி. விடிகாலை டிராமைப் பிடித்தாலும் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது. அதை மரியாதையாகத் தெரிவிக்கிறார். தாம் பேச நினைப்பது சில நிமிஷத்தில் முடிகிற பேச்சல்ல என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். தயவை எதிர்பார்த்து நிற்பவர் எழுதுகிற கடிதமாக அது இல்லை.

எழுதுகிறவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒரு பண விவகாரமும் இருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சில ஆண்டுகளுக்கு முன் வ.உ.சி.க்காகத் திரட்டிக் காந்தியிடம் ஒப்படைத்த தொகை அது. அந்தப் பணம் வந்து சேர்ந்ததா என்று காந்தியே கேட்டார். வரவில்லை என்று இவர் பதில் எழுதினார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று நமக்குத் தோன்றும். இன்றைய நிலையில் அந்தப் பணத்தை மறுப்பது என் குடும்பத்துக்கு நான் செய்யும் தவறாகும் என்கிற கருத்தில் அவர் எழுதினார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. இல்லாமையை மறைத்துக் கௌரவம் காட்டத் தெரியாத மனிதர். இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். விசாரித்து, கணக்குத் தேடி, கடிதத்தின்மேல் கடிதம் போய், பணம் கைக்கு வரும்போது 1916 பிறந்துவிட்டது. தொகை 347 ரூபாய் 12 அணா. அவர் ஆரம்பித்த கப்பல் கம்பெனியில் ஒரு பங்கு 25 ரூபாய். இந்தத் தொகைக்கு 14 பங்குகூடக் கிடைக்காது.

அந்தக் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சம் போதும், ஏனென்றால் அதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்ச ரூபாய், 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு வாங்கி இரண்டு லட்சம் கொடுத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு சும்மாவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது, ஏறுகிறவர்களுக்குக் குடைகூடக் கொடுத்தது என்பார்கள். வ.உ.சி. வாடகைக் கப்பலை நம்பி ஏமாந்து, பின் வெளியே அலைந்து பணம் சேர்த்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். சுப்பிரமணிய சிவாவும் இவரும் கூட நின்றார்கள். சம்பளம் கூடியது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள்.

ஜூலை 7 அன்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிகூட, இந்தத் தண்டனையைத் தன்னால் நியாயப்படுத்த முடியாது என்று வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார். மேல்முறையீடுகளில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. ஆனால் சொந்த ஊரான ஒட்டப்பிடாரத்து வீட்டில் அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. கடைசிவரை அது தெளியவில்லை. ஆறு வருஷமாகக் குறைந்த தண்டனை அண்ணனுக்குத்தான். தம்பிக்கு எந்தக் கோர்ட்டும் குறைக்கவில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் கொடுத்த வேலை சணல் கிழிக்கும் எந்திரம் சுற்றுவது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறகு செக்கு. சென்னை காந்தி மண்டப வளாகத்தில் ஒரு கல் செக்கை வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போது நான் கல்லைக் கவனிப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள தரையைத்தான் பார்ப்பேன். செக்கில் உலக்கை தானாக ஆடாது. அதோடு பிணைத்த மரத்தை ஒரு மாடு தோளில் வாங்கிக்கொண்டு ஒரே வட்டத்தில் சுற்றி வர வேண்டும். எள் மசிந்து எண்ணெய் கக்கும்வரை நிற்கக் கூடாது. நிற்காமல் இருக்கத்தான் மாட்டுக்குப் பின்னாலேயே ஆள் நடப்பான். அந்த மாடு இருக்க வேண்டிய இடத்தில், வக்கீல் தொழில் பார்த்த ஒரு மனிதரை வெயிலில் கட்டினார்கள். தோளும் கையும் பட்ட பாட்டை அவரே தன் சுயசரிதையில் அகவலாக எழுதி வைத்திருக்கிறார். அழுது எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி, சாட்சிக் கூண்டில் நின்று சொல்வது போலச் சொல்லிப் போகிறார்.

இதே சிறையில்தான் அவர் எழுத்தாளர் ஆனார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறு நூல்கள் கைக்குக் கிடைத்தன. மனத்தை ஆளுகிறவன் வாழ்வை ஆளுகிறான் என்று சொல்லும் நூல்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டுண்டவர், ஓர் ஆங்கிலேயரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். யார் எழுதியது என்று பார்த்து நல்லதை ஒதுக்குகிற ஆள் அல்லர் அவர். 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். சிறை நாட்களிலேயே 'மெய்யறம்', 'மெய்யறிவு' உருவாயின. வெளியே பரலி சு. நெல்லையப்பர் போன்ற இளைஞர்கள் சிலர் அவருக்கு உறுதுணையாக இருந்தார்கள். மனைவி மீனாட்சி அம்மாள் சர்க்காருக்கு மனுமேல் மனு அனுப்பிக்கொண்டிருந்தார். சிறைக்குள் இருந்தவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. குழந்தைகளோடும் மனு எழுதும் தாளோடும் அந்த ஆண்டுகளைக் கடந்த அந்த அம்மாளைப் பற்றி ஒரு பத்திகூட ஒழுங்காக யாரும் எழுதவில்லையே என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

1912 டிசம்பரில் விடுதலை. உள்ளே போகும்போது கடையடைப்பு, வேலைநிறுத்தம், ஊரே தெருவில் நின்றது. வெளியே வரும்போது ஊர்வலம் இல்லை. கம்பெனி கலைந்திருந்தது, கப்பல்கள் கைமாறிவிட்டன. இடையில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றிருந்தார். அதன் பிறகு போலீஸ் வீடு வீடாகப் போயிற்று. சுதேசி என்ற சொல்லைத் தெருவில் உரக்கச் சொல்ல ஆள் இல்லை. பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் 25 ரூபாய்ப் பங்கை ஆசையாக வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒரு நூறு பேராவது அந்த மனிதருக்கு அரிசி அளந்திருக்கலாம்.

தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னது பறிபோயிற்று. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். திருநெல்வேலிப் பக்கம் திரும்பாமல் சென்னைக்குக் குடிவந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். சிறு வியாபாரம் செய்து பார்த்தார், நிற்கவில்லை. கடனுக்குக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவருக்குக் கடை எப்படி நிற்கும்? மாண்டலே சிறையிலிருந்து மீண்ட திலகர் சில காலம் புனேயிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பிவந்தார். அந்த நன்றியை வ.உ.சி. மறக்கவில்லை. பிற்காலத்தில் திலகர் வாழ்க்கையைத் தமிழில் தொடராக எழுதினார். அதை வெளியிட்டது கொழும்பு 'வீரகேசரி'. தம் கப்பல் போய் வந்த அதே கொழும்பு.

இந்த வறுமைக்கு நடுவில்தான் நான் ஓரமாக நின்று அதிக நேரம் பார்க்க விரும்பும் காட்சி இருக்கிறது. வ.உ.சி. தொல்காப்பியம் படிக்கிறார். மேலோட்டமாக அல்ல, பாடம் பார்த்து, உரைகளை ஒப்பிட்டு, ஏடு தேடிப் படிக்கிறார். அப்போது புழக்கத்தில் இருந்தது பெரும்பாலும் நச்சினார்க்கினியர் உரை. அவருக்கு முன்னோடியான இளம்பூரணர் உரை முழுமையாக அச்சேறவில்லை. சுற்றி வளைக்காமல் நேரே பொருள் சொல்லும் உரை இளம்பூரணருடையது. வ.உ.சி.யின் மனசுக்கு அது ஒட்டியதில் வியப்பில்லை. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு 'இன்னிலை' அவர் உரையோடு வந்தது. 1928-இல் எழுத்ததிகாரம் இளம்பூரணம். பிறகு ச.வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து பொருளதிகாரம், அதை அச்சிட்டது சென்னை வாவிள்ளா நிறுவனம்.

பதிப்பு வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ஏட்டில் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் பேதம் இருக்காது. ஒரு ஏட்டில் பூச்சி தின்ற இடத்தை இன்னொரு ஏட்டில் தேட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் இலக்கணத்தைக் கேட்க வேண்டும். பதிப்பிக்கும் நூலே இலக்கண நூலாக இருந்துவிட்டால் யாரைக் கேட்பது? பிறகு அச்சுக்கூடத்துப் புரூஃப். எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் செக்கில் கட்டுண்ட கை, சணல் எந்திரத்தில் தோல் உரிந்த கை, இப்போது நன்னூல் பயின்ற மாணவனின் பொறுமையோடு ஒரு ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதில் பணம் வராது என்பதும் அவருக்குத் தெரியும். அரசியல் இல்லாத நேரத்தில் பொழுதுபோக்குக்குச் செய்தார் என்று சிலர் கடந்துபோகிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். கடலில் வெள்ளைக்காரன் கையில் இருந்த வழியை நமக்கென்று கேட்டவர், மொழியில் நமக்கென்று இருந்ததை நாமே செல்லரிக்க விட்டிருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர். இரண்டும் ஒரே குணத்தின் வேலை.

தொழிலாளிகளையும் அவர் விடவில்லை. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-இல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிய காலம் அது. பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்ற அந்த இயக்கத்தின் மேடைகளில் வ.உ.சி.யும் பேசினார். பத்தாண்டுக்கு முன் தூத்துக்குடியில் கோரல் மில் வாசலில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்.

1920-இல் கல்கத்தாக் காங்கிரஸ் ஒத்துழையாமையை ஏற்றது. திலகர் அதற்கு ஒரு மாதம் முன்புதான் மறைந்திருந்தார். திலகர் வழியில் வளர்ந்த வ.உ.சி.க்கு இந்த வழி பிடிபடவில்லை. காங்கிரஸை விட்டு விலகினார். அன்று காந்தியோடு போயிருந்தால் ஊரெல்லாம் மாலை விழுந்திருக்கும், பழைய தியாகத்துக்கு வட்டியும் முதலுமாகப் பதவி வந்திருக்கும். மனசுக்கு ஒவ்வாததை ஒப்புக்கொண்டு நிற்க அவரால் ஆகவில்லை. அவர் எடுத்த நிலை சரியா தவறா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். இழப்பு எவ்வளவு என்று தெரிந்தே எடுத்த நிலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழு வருஷம் கழித்து 1927-இல் திரும்பி வந்தார். சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பிராமணர், பிராமணரல்லாதார் பிரச்சினையை மூடி மறைத்து ஒற்றுமை பேச முடியாது என்பதை அங்கேயும் வெளிப்படையாகவே பேசினார்.

சன்னது திரும்பக் கிடைத்தது நீதிபதி இ.எச்.வாலஸ் செய்த உதவியால். கோவில்பட்டியில் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இளம் வக்கீல்களுக்கு நடுவில் ஆரம்பத்திலிருந்து கட்சிக்காரர்களைத் தேட வேண்டியிருந்தது. கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை முதலில் படித்தபோது நான் வெகுநேரம் மேலே படிக்கவில்லை. பின்ஹேயும் வெள்ளைக்காரர், வாலஸும் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரன் ஆட்சியை ஒழிக்க முற்பட்டு உடலும் சொத்தும் அழிந்த மனிதர், தனக்கு நியாயம் செய்த ஒரு வெள்ளைக்காரரின் பெயரை நாளெல்லாம் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பகை ஆட்சியோடு, ஆளோடு அல்ல என்று மேடையில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இவர் பிள்ளைக்குப் பெயராகவே வைத்துவிட்டார்.

1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். அப்போதும் எழுத்து நிற்கவில்லை. 'சாந்திக்கு மார்க்கம்' 1934-இல் வந்தது. 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தன் உரையையும், சிவஞான போதத்துக்கு உரையையும் வெளியிட்டார். மேற்கோட்டும் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக நமக்குப் பழக்கமான அந்தப் படத்து முகத்தை மறந்துவிட்டு இந்தத் தூத்துக்குடி மனிதரை நினைத்துப் பார்க்க வேண்டும். உடம்பு தளர்ந்துவிட்டது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் பிள்ளைகள், படிப்புக்கு ஆண் பிள்ளைகள். துறைமுகத்தில் கொழும்புக் கப்பல்கள் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தன, எல்லாம் வேறு யாருடைய கப்பல்களோ.

சாவு நெருங்குவது தெரிந்ததும் உயில் எழுதினார். குடும்பத்துக்கு இருந்தது சொற்பம். கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களையும் அதில் ஒன்றுவிடாமல் எழுதினார். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அதை எப்படித் தீர்ப்பது என்று. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைத் தொடங்கியபோது பங்குதாரர் பெயரை எழுதிய அதே ஒழுங்கு. பிறகு தன்னைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னார். 1920-இல் விலகி, மீண்டும் வந்து, பதவி எதையும் பெறாத அந்தக் காங்கிரஸின் தூத்துக்குடி அலுவலகத்தில், 1936 நவம்பர் 18 அன்று, 64-ஆம் வயதில் உயிர் போயிற்று. உயிலில் எழுதிய பாக்கிகளைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.